றுமானாவின் பதினைந்து தகடுகள்

என் மனைவி றுமானா எடுக்கும் கலியாணப் படங்களைக் கல்முனையில் எந்த ஆணும் பார்த்ததில்லை, நான் உட்பட. ஸ்டூடியோ எங்கள் இருவருடையது. ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் அவள். பெண்கள் படம் பெண்களின் கண்ணுக்கு மட்டும் என்று வாக்குக் கொடுத்துத்தான் வேலையை ஏற்பாள். உள்ளறையைப் பூட்டிக்கொண்டு கணினியில் வேலை செய்வாள். தேத்தண்ணி கொண்டுபோனால் கதவு இடுக்கால் கை மட்டும் வரும். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

எனக்குக் காட்டுவதெல்லாம் விடியல் தொழுகையான சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் லென்ஸைச் சோதித்து எடுத்த படங்கள். அவற்றில் ஆளே இருக்காது. அலையில் பட்ட இளவெயில் மங்கி மங்கி, வட்டம் வட்டமாக மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் பாதித் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். கடை திறக்கவே மனம் வராது.

அந்த வட்டங்கள் அவளுடைய பழைய லென்ஸின் வேலை. ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கவும் விரிக்கவும் அதற்குள் பதினைந்து தகடுகள், கடதாசி மெல்லிசில். அத்தனை தகடு இருப்பதால் எவ்வளவு சுருக்கினாலும் துவாரம் வட்டமாகவே இருக்கும். என் புது லென்ஸில் ஆறே தகடு. சுருக்கினால் ஆறு மூலை விழும், பின்னால் மங்கி எரியும் பல்புகளுக்கும் அதே ஆறு மூலை.

"மச்சான்ட படத்தில வெளிச்சமெல்லாம் இரும்பு நட்டு மாதிரி இரிக்கு" என்று என்னைச் சீண்டிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். ஆறு தகடு கண் இமைக்கும் முன் தானாகச் சுருங்கி விரியும். உரசல் குறைவு, நெடுநாள் உழைக்கும். பதினைந்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும், கையால் வளையத்தைத் திருப்பினால்தான் அசையும், எங்கள் உப்புக்காற்றில் அதுவும் இறுகும். வேகமும் வட்டமும் ஒன்றாக உள்ள லென்ஸ் எங்கள் கைக்கு எட்டவில்லை.

போன மாதம் அந்த வளையம் இறுகிப்போனது. எங்களூரில் கதவு இறுகினாலும் சைக்கிள் இறுகினாலும் தையல் மெஷின் எண்ணெய்தான் மருந்து. அவள் குளிக்கப் போன நேரம், நல்லது செய்கிறேன் என்று, நானும் இரண்டு சொட்டு விட்டேன், வளையம் அப்போதைக்கு இளகியது. தகடுகள் காய்ந்தே இருக்க வேண்டும் என்பது இத்தனை வருடம் கமரா தூக்கிய எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

இரண்டு நாள் கழித்து ஸுல்பிகாவின் கலியாணம். அவளுடைய உம்மா பதினொரு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்து மகளுக்கு வீடு கட்டியவர். மகள் வளர்ந்தது உம்மாவின் தங்கையான சாச்சியிடம். கலியாணத்துக்கென்று ஒன்பது நாள் லீவில் வந்த உம்மாவோடு அவள் ஒட்டவேயில்லை. அந்த மனுசி றுமானாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"புள்ளயோட சேந்த படம் எனக்கிட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி. கொண்டு போக ஒண்டு எடுத்துத் தாங்க."

கலியாணத்தன்று பள்ளிவாசலில் நிக்காஹ் படங்களை எடுத்து முடித்து நான் வீடு வந்தேன். பின்னேரம் றுமானா வந்து லென்ஸை என் முன்னால் வைத்தாள்.

"நீங்களா இதுக்கு எண்ணெ உட்ட?"

"ஓம்."

"தகடெல்லாம் ஒட்டிப் பிடிச்சி முழுசாத் திறந்தபடி நிண்டுட்டு. நெருக்கித் திருப்பினா மடங்கிரும். நான் என்ன செய்யிற?"

துவாரம் முழுதாகத் திறந்திருந்தால் கிட்ட நிற்பவர்களில் விரலளவு ஆழம்தான் தெளிவாக விழும். பின்னால் நிற்பவரின் முகம் புகையாகிவிடும். அந்த உம்மா மறுநாள் காலை விமானம் ஏற வேண்டியவர்.

"அவங்கட படம்?" என்றேன்.

"மகள் கதிரையில குந்தி இருந்தா. உம்மா ஒரு முழம் தள்ளி, விருந்துக்கு வந்த ஆள் மாதிரி பின்னால நிண்டா. அப்பிடி எடுத்தா ஒரு மொகம்தான் தெரியும். குனிஞ்சி கன்னத்தோட கன்னம் வைங்க எண்டன். ரெண்டு பேரும் அசையல்ல. லென்ஸ் பழுது, வேற வழியில்ல எண்டன். அதுக்குப் பிறகுதான் உம்மா குனிஞ்சா."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த அறை தெரிந்தது. சுவரெல்லாம் சீரியல் பல்புகள், அத்தனையும் கரைந்து பெரிய பெரிய வட்டங்களாக, தண்ணீருக்குள் போல மெல்ல அசைந்தன. நடுவில் இரண்டு முகங்கள். அந்தப் படத்தை நான் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்திச்சி." அவள் லென்ஸைத் திரும்பக் கையில் எடுத்தாள். "எடுத்து முடிஞ்சி, போதும் எண்டும் சொல்லிட்டன் மச்சான். ஸுல்பிகா உம்மாட கழுத்தக் கட்டின கைய எடுக்கல்ல."