டிக்கெட்டின் பின்னால் எழுதிய மிச்சம்

என் மகன் கப்பல் வேலைக்குப் புறப்பட்டது மாசி மாதத்து ஒரு புதன்கிழமை. அடுத்த மாதத்திலிருந்து என் நாட்குறிப்பில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருந்தன: அன்றைய தேதி, அன்றைய டாலர் விலை. மழை பெய்ததா, யார் வந்து போனார்கள், என்ன படித்தேன் என்பதெல்லாம் அதற்குக் கீழேதான். மதுரை தல்லாகுளத்தில் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சராக இருந்தவள் நான். தேதி போடாத தாளைக் கண்டால் இப்போதும் கை பரபரக்கும்.

டாலர் விலையை எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் பேராசை இல்லை. அவன் சம்பளம் டாலரில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் மாதம் நான் அவனுக்கு அனுப்பியதெல்லாம் நீளமான கடிதங்கள். வைகையில் தண்ணீர் திறந்தது, நூலகத்தில் எடுத்து வந்த யாரோ ஒருவரின் பழைய பயணக் குறிப்பு, அவன் அப்பாவின் திதிக்கு வந்தவர்கள் என்று எழுதித் தள்ளினேன். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசாம், நிமிடக் கணக்காம். "பெருசு பெருசா அனுப்பாதம்மா, தெறக்கவே மாட்டேங்குது" என்றான். அதனால் சுருக்கிக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குச் சந்தை திறந்ததும் ஒரே வரி: இன்று டாலர் இவ்வளவு. பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான். அது வந்துவிட்டால் பிள்ளை எழுந்துவிட்டான், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒன்பது மாத ஒப்பந்தம் என்றுதான் போனான். அது முடிந்ததும் பயிற்சி என்றார்கள், பயிற்சி முடிந்த கையோடு வேறு கப்பல் என்றார்கள். இரண்டரை வருடம் நான் அவனை நேரில் பார்க்கவில்லை. போன சித்திரையில் அவன் வேலை பார்க்கும் உல்லாசப் பயணக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஓடப்போகிறது என்று தெரிந்தது. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருக்கிறது. அவன் வராவிட்டால் என்ன, நான் அதே கப்பலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு அவனிடம் போகலாம் என்று தோன்றியது. அவன் இப்போதைய ஒப்பந்தம் கார்த்திகையில் முடிகிறது. அடுத்ததில் கையெழுத்துப் போடாதே, ஊருக்கு வந்துவிடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துணைக்கு என் நாத்தனாரை அழைத்தேன். என் கணவரின் தங்கை, வாடிப்பட்டியில் உரக்கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். அதுவரை அவள் பார்த்த பெரிய தண்ணீர் வைகை அணைதான். பயண ஏற்பாட்டாளர் கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

"இந்த மாசம் புக் பண்ணா நூத்தம்பது டாலர் ஆன்போர்டு கிரெடிட் தாராங்க மேடம்."

"கையில தருவாய்ங்களா?" என்றாள் நாத்தனார்.

"கையில தர மாட்டாங்கக்கா. உங்க ரூம் கணக்குல இருக்கும். கப்பலுக்குள்ள கடை, ஓட்டல் எங்க வேணாலும் செலவு பண்ணிக்கலாம். கரையில செல்லாது."

"மிச்சம் இருந்தா?"

"கடைசி நாளோட போச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மதினி, புரிஞ்சிருச்சு. பஸ்ஸுல சில்லற இல்லேன்னா கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னாடி மிச்சத்த எழுதித் தருவான்ல, அதேதான். எறங்குறதுக்குள்ள கேட்டு வாங்கலேன்னா அம்புட்டுத்தேன்."

அந்த மனிதர் சிரித்து, அதைவிடத் தெளிவாக அவராலும் சொல்ல முடியாது என்றார்.

கரையில் செலவழிக்க வேறு பணம் வேண்டும். கப்பல் மலேசியாவில் பினாங்கில் ஒரு நாள் நிற்கும்; அங்கே ரிங்கிட். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருடப் பழக்கம். சும்மா போகும்போதும் விலை கேட்பேன். என்னைக் கோர்ட்டம்மா என்பார்.

"இம்புட்டு நாளும் டாலர் ஏறுச்சான்னு கேட்டு வந்தீங்க. இப்ப எறங்குச்சான்னு கேக்குறீங்க. நீங்க எந்தப் பக்கம்னு சொல்லிருங்கம்மா, அந்தப் பக்கம் துவா செய்றேன்" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது. டாலர் ஏறினால் அவன் அனுப்பும் பணம் ரூபாயில் கூடும். இறங்கினால் அவனிடம் போகும் வழிச்செலவு எனக்குக் குறையும். ஒரே எண். அதை நான் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஆடிக் கடைசி வெள்ளியன்று பாய் போன் செய்தார். "ரிங்கிட் நல்லா எறங்கியிருக்கு, இன்னைக்கே வாங்கிருங்க." போய் வாங்கினேன். நாட்குறிப்பில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருக்கிறேன்.

கப்பலில் கட்டணத்தோடு சேர்ந்த பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று உண்டு. எவ்வளவு சாப்பிட்டாலும் கேள்வி இல்லை. என் மகன் அங்கே இல்லை. பதினோராவது தளத்தில், தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் சின்ன உணவகத்தில் பரிமாறுகிறான். ராத்திரியில் அங்கே விலை அதிகம். மதியம் என்றால் ஆளுக்கு இருபத்து நான்கு டாலர். நூற்றைம்பதில் மூன்று மதியம் இரண்டு பேர் சாப்பிடலாம். மற்றவர்கள் அந்தத் தொகையில் மசாஜ் செய்துகொண்டார்கள், வாசனைத் தைலம் வாங்கினார்கள். நாங்கள் பிள்ளையைப் பார்த்தோம்.

முதல் மதியம், கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "குட் ஆஃப்டர்நூன், மேடம்" என்றான். குரல் மட்டும் என் மகனுடையது. கன்னம் ஒட்டியிருந்தது. வலது மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு புதிதாக இருந்தது. துணியை விரித்து என் மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலும் அழுகையை அடக்கினால் அப்படித்தான் ஆகும்.

நாத்தனாருக்கு அடக்கம் கிடையாது. "ஏ மருமகனே! என்னய்யா இப்புடி எளச்சுப் போயிட்ட? உக்காரு, நீயும் ஒரு வா சாப்புடு."

"அத்தை, மெதுவா. மேனேஜர் பாக்குறாரு" என்று உதடு அசையாமல் சொன்னான். "எங்கம்மா வருதுன்னு அவர்ட்ட சொல்லிட்டேன். பரவாயில்ல, நல்லா கவனின்னுட்டாரு. ஆனா நிக்கத்தான் செய்யணும், உக்காரக் கூடாது."

"பெத்தவ உக்காந்திருக்க, பிள்ள நின்னு சோறு போடுற ஊரா இது? என்னய்யா சட்டம்?"

"கப்பல் சட்டம் அத்தை. தண்ணி சாதாவா, கேஸ் போட்டதா?"

"கேஸுன்னா உங்கம்மாட்டக் கேளு. இருபத்தெட்டு வருசம் கேஸுலதேன் இருந்துச்சு."

அவன் சிரித்துவிட்டான். மேனேஜரும் தூரத்திலிருந்து புன்னகைத்தார். நான் ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னேன். முதலில் சூப்பு. அது வந்து முடிந்தபின் மீன். அவன் எத்தனை தடவை எங்கள் மேசைக்கு வந்தான் என்று எண்ணினேன்: பதினான்கு. தண்ணீரை வேகமாகக் குடித்தால் ஊற்ற வருவான் என்று கண்டுபிடித்தபின் இன்னும் மூன்று.

பினாங்கில் அவனுக்குக் கொஞ்ச நேரம் கரையிறங்க அனுமதி கிடைத்தது. பதினொன்று இருபதிலிருந்து ஒன்றரை வரை. பழைய நீலச் சட்டை, செருப்பு. துறைமுகத்துக்கு வெளியே நின்றவன் என்னைப் பார்த்ததும் "அம்மா" என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் இரண்டு நாடு தாண்டி வந்திருந்தேன். கப்பலுக்குள் செல்லும் காசு அதை வாங்கித் தராது.

தமிழர் கடையொன்றில் வாழையிலைச் சாப்பாடு. இப்போது நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் கையால் பிசைந்து, ரசத்தில் குனிந்து, மூன்று முறை சோறு வாங்கினான். என் கைப்பையில் பாயிடம் வாங்கிய ரிங்கிட் இருந்தது. இன்னும் வேண்டுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மோர் வந்தபோது சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"கார்த்திகைல முடியுதுல்ல? அதுக்கப்புறம் கையெழுத்துப் போடாத தம்பி. வீட்டுக்கு வந்துரு."

அவன் இலையில் விரலால் கோடு இழுத்தான். "போட்டாச்சும்மா. போன மாசம்."

"எங்கிட்டக் கேக்காமயா?"

"என்னத்தக் கேக்க? நீதான தெனம் சொல்லிக்கிட்டே இருக்க."

"நான் என்ன சொன்னேன்?"

"காலைல எந்திரிச்சா டாலர் ரேட்டு. ஒரு நாள் விட்டுருப்பியா? பேங்க்ல எம்புட்டு சேந்துச்சு, எப்ப வாரேன்னு ஒண்ணும் கேக்கல. ரேட்டு மட்டும்தான். ஏறியிருக்குப்பா, இருந்துக்கன்னு சொல்றன்னுதான் நெனச்சேன். போன மாசம் நல்லா ஏறுச்சுல்ல? அன்னைக்குத்தான் போட்டேன்."

 

அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். நாட்குறிப்பைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று விலைக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி சேர்த்து அனுப்பியிருந்தேன். அவனும் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டைவிரல் அனுப்பினான். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். சாட்சி சொன்னதை ஒரு சொல் பிசகாமல் தட்டச்சு செய்தவள் என்று எனக்குப் பெயர் உண்டு. சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இரண்டரை வருடமாக வேறு ஏதோ மொழியில் அடித்து அனுப்பியிருக்கிறேன்.

"நீ கட்டைவிரல் போடணும்னுதான்ய்யா அனுப்புனேன்" என்றேன்.  அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று ஐந்து.

"இன்னொரு ஒம்பது மாசம்மா. பாக்கலாம்."

வாய்தா என்ற சொல்லை எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன். அது தட்டுகிறவர்களுக்கு வலிப்பதில்லை.

கடைசி மதியம் மறுபடி "மேடம்" ஆனேன். அவன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினான். நாத்தனார் கூட மெதுவாகத்தான் பேசினாள். சாப்பிட்டு முடித்ததும் தோல் அட்டைக்குள் பில்லை வைத்துக் கொண்டுவந்தான். எங்கள் கணக்கில் இனி ஆறு டாலர் மிச்சம் என்று அதில் இருந்தது. இரண்டு நகல். ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், மற்றது நமக்கு. கையெழுத்துப் போட்டேன். நம்முடைய நகலைத் திருப்பி, மேலே வலப்பக்கம் தேதி எழுதினேன். அதற்குக் கீழே, தட்டச்சுப் போலப் பிரித்துப் பிரித்து எழுதினேன்: "ரேட்டு வேண்டாம். நீ வேண்டும். வந்துவிடு."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "மிச்சத்த எழுதிக் குடுக்குறீங்களாக்கும்? ஊருல கண்டக்டர் எழுதுவான். இங்க பிரயாணி எழுதுது."

இரண்டையும் அட்டைக்குள் வைத்து மூடினேன். அவன் எடுத்துக்கொண்டு போய், பரிமாறும் மேசையின் ஓரம் நின்று திறந்தான். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த உணவகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.  பிறகு வந்து நாற்காலியை இழுத்துவிட்டு, "தேங்க் யூ, மேடம்" என்றான். அவன் காது மடல்களைப் பார்த்துக்கொண்டு நான் எழுந்தேன். நகல் திரும்பி வரவில்லை. அந்த ஆறு டாலர் அப்படியே போயிற்று. நாத்தனாருக்கு இன்றுவரை அதில் வருத்தம்.

ஊர் திரும்பியது ஆவணியில் ஒரு செவ்வாய். புதன் காலை ஒன்பது மணிக்குப் போனை எடுத்தேன், விலையைப் பார்க்காமல் வைத்தேன். வியாழனும் அப்படியே. நாட்குறிப்பில் இரண்டு நாளும் தேதிக்கு எதிரே காலியாக விட்டேன். வெள்ளியன்று அவனே எழுதினான்.

"ரேட்டு வரலையேம்மா. உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன். ரேட்டுப் பாக்கல. கொல்லை முருங்கை காய்ச்சிருக்கு. நீ இருந்தா பறிப்ப."

எழுதிவிட்டு நெடுநேரம் காத்திருந்தேன். கட்டைவிரல் வரவில்லை. வந்தது ஒரு புகைப்படம். இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு, மேல்பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டிய ஒரு தாள். படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் இடம். என் கையெழுத்து, என் தேதி. படத்துக்குக் கீழே ஒரு வரி: "இது எங்கிட்ட இருக்கும்மா."

நாத்தனாருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"அதுல கோடு போட்டிருக்கானா மதினி?"

"என்ன கோடு?"

"மிச்சத்தக் குடுத்துட்டா கண்டக்டர் எழுதுனத அடிச்சிருவான்ல."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"அடிக்கல" என்றேன்.

"அப்ப இன்னும் தரணும்" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று காலையும் ஒன்பது மணிக்கு எழுதினேன். நேற்று நல்ல மழை, மாடிப்படிவரை தண்ணீர் வந்தது என்று இரண்டே வரி. கொஞ்சம் நீளம்தான். திறந்திருக்கிறான்.