மீன் ஏறாத படகு

"செருப்பக் கழட்டுங்க. காலக் கழுவுங்க. அப்பறமா ஏறுங்க."

கட்டுமாவடிக் கரையில் ஒரு பைபர் படகுக்கு இப்படிச் சட்டம் போடுகிறவர் சார்லஸ் ஒருவர்தான். மணலில் இழுத்துப் போட்டிருக்கும் படகின் அருகே நீல பிளாஸ்டிக் தொட்டி, அதில் நல்ல தண்ணீர், விளிம்பில் மடித்துப் போட்ட துண்டு. எஞ்சின் பார்க்க வந்த மெக்கானிக்குக்கும் விலக்கு கிடையாது. காலெல்லாம் கிரீஸாக வந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கழுவிவிட்டுத்தான் ஏறினார். பக்கத்துப் படகில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இது போட்டா, கோயிலா?"

சார்லஸ் கோபப்படுகிற ஆள் இல்லை. துணியை நனைத்துப் பிழிந்து விளிம்பைத் துடைத்துக்கொண்டே, "மீனு ஏத்துற போட்டுல எப்புடி வேணா ஏறிக்க. இது மனுசர் ஏறுறது" என்றார்.

இந்தத் துடைக்கிற புத்தி பஹ்ரைனில் ஒட்டிக்கொண்டது. மீன்பிடி வேலைக்கென்று போனவர், ஓர் அரபி முதலாளியின் உல்லாசப் படகில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். விடுமுறை வந்தால் முதலாளி குடும்பத்தோடு கடலோரமாகவே ஊர்சுற்றக் கிளம்புவார். அதற்குள் டீசல் நிரப்பி, ஐஸ் போட்டு, மெத்தைக்கு உறை மாற்றி, பழங்களை எடுத்து வைக்க வேண்டும். அவர்கள் ஏறும்போது படி ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "எல்லாரும் ஏறுனதும் படிய இழுத்து வச்சுட்டு, கயித்த அவுத்து விட்டுட்டு, கைய ஆட்டுவேன். அம்புட்டுத்தான் நம்ம சவாரி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வராது.

ஒருமுறை அவர் மனைவி பரிமளா போனில் பேசும்போது சும்மா கேட்டார்: "ஏங்க, கடல்லேருந்து பாத்தா நம்ம ஊரு எப்புடிங்க இருக்கும்?"

பரிமளா பிறந்தது தொண்டி, வாழ்க்கைப்பட்டது கட்டுமாவடி. இரண்டுமே கடற்கரை. ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, அறந்தாங்கியில் விற்று இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தே மீன் என்றைக்குப் பிடிபட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒருநாள்கூடப் படகில் கால் வைத்ததில்லை. அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. கூடாதென்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

சும்மா கேட்ட கேள்வி சார்லஸின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பியதும் பழைய படகு ஒன்றை வாங்கினார். வலை வாங்கவில்லை. கோடையில் பரிமளாவை ஏற்றிக்கொண்டு, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கரையைப் பிடித்தபடியே தொண்டிவரை போக வேண்டும். அங்கே மச்சினி வீட்டில் தங்கிவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். இது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. ஊர் என்ன சொன்னாலும் சரி, பரிமளா ஏறினால் போதும்.

சித்திரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகளின் தொந்தரவு இருக்காது, கடல் காலியாகக் கிடக்கும் என்று அந்தச் சமயத்தைக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனிதர் வீட்டில் தங்கவில்லை. நிழலுக்குத் தார்ப்பாய்ப் பந்தல் கட்டினார். கடற்புல் சிக்கினால் அறுக்க ஒரு கத்தி, எஞ்சினுக்கு ஒரு மாற்று விசிறி, அவசரத்துக்கு ஒரு துடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. ஐஸ் பெட்டியில் மோருக்கும் தண்ணீருக்கும் தனித்தனி இடம். உயிர்காப்புச் சட்டையின் அளவு சரியா என்று பார்க்க அதை மாட்டிக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். "சோத்துல முங்கிறப் போறீங்களா?" என்றார் பரிமளா.

கடலோரக் காவல்காரர்களிடம் தகவல் சொல்லப் போனபோது, என்ன பிடிக்கப் போறீங்க என்று கேட்டார்களாம். "ஒண்ணும் பிடிக்கப் போகல சார். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாராம். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது சார்லஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது நாற்காலி. படகின் முன்பக்கம், மெத்தை தைத்த நாற்காலி ஒன்றை நட்டுப் போட்டு முடுக்கியிருந்தார். அரபி உட்கார்ந்தது போலவே, கடலைப் பார்த்தபடி. வருகிறவர்களையெல்லாம் அதை ஆட்டிப் பார்க்கச் சொல்வார். "ஆட்டுங்க, நல்லா ஆட்டுங்க. பொயலே அடிச்சாலும் அசையாது."

கிளம்புகிற காலை. படகைத் தண்ணீரில் இறக்கியாயிற்று. இங்கே கரையோரம் சேறு, ஆழம் கிடையாது. படகு மிதக்க வேண்டுமானால் கொஞ்ச தூரம் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பரிமளா புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி, இடுப்பளவு தண்ணீரில் படகை வந்து பிடித்தார். நெஞ்சு உயரத்துக்கு விளிம்பு. ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"எங்கிட்டுங்க ஏறுறது?"

மோருக்குக்கூட இடம் பார்த்து வைத்த மனிதர் படி வைக்கவில்லை. படகு மணலில் கிடந்தவரை எல்லோரும் காலைத் தூக்கி வைத்து ஏறினார்கள். தண்ணீரில் என்றால் ஆண்கள் விளிம்பைப் பிடித்து ஒரே எம்பு. அந்தக் கரையில் முட்டி வலிக்காரப் பெண் ஒருத்தி ஏறுவாள் என்று எந்தப் படகும் நினைத்ததில்லை. ஊரான் வீட்டுப் படியை ஆயுசெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றவரும் நினைக்கவில்லை.

வீரய்யா மீன் பெட்டியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். அது சேற்றில் இறங்கிக் காணாமல் போனது. "மதினி, நான் வேணா தூக்கி விடவா?" என்றார்.

"கிட்ட வந்தே, தெரியும்!" கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரிமளா முகம் சிவந்து திரும்பினார். "வேணாங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன். நீங்க போட்டுல வாங்க."

சார்லஸ் படகிலிருந்து குதித்தார். மனைவியின் முன்னால் போய், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார். "முதுகுல கால வய்யி."

"ஐயய்யோ! ஒங்க மேலயா? கட்டுனவர மிதிச்சு ஏறச் சொல்றீங்களே, ஊரே பாக்குதுங்க!"

"பாக்கட்டும். எவன் எவனுக்கோ படி பிடிச்சேன். ஒனக்கு நானே படியா நிக்கிறேன். ஏறு பரிமளா."

"காலெல்லாம் சேறுங்க..."

சார்லஸ் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பரிமளா கண்ணை மூடி, "ஆண்டவரே, மன்னிச்சுக்கங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காலை வைத்தார். அடுத்த நொடி தொப்பென்று படகுக்குள் விழுந்தார். கரையில் யாரோ விசிலடித்தார்கள். வீரய்யாவாகத்தான் இருக்க வேண்டும்.

கடலில் அலையே இல்லை. சார்லஸ் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்திருந்தார், வெள்ளைச் சட்டையின் முதுகில் சேறு காய்ந்துகொண்டிருந்தது. பரிமளா நாற்காலியில் உட்கார்ந்ததும் கடலை விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் கரையையே பார்த்தார். "அந்தா ஏலக் கொட்டாய்! அந்தா மாதா கோயிலு! ஏங்க, அந்த மஞ்சச் செவுரு நம்ம வீடா? இம்புட்டுத்தானா நம்ம ஊரு? இதுக்குள்ளயா நான் அந்த ஓட்டம் ஓடுனேன்!" சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கை பிடரியை அழுத்திப் பிடித்திருந்தது.

"கழுத்து வலிக்கலயா?" என்றார் சார்லஸ்.

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. பேசாம ஓட்டுங்க."

சார்லஸ் எஞ்சினை நிறுத்தினார். மெழுகித் துடைத்த தரையெல்லாம் பரிமளாவின் சேற்றுக் கால்தடம். துடைக்கிற துணி கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சேற்றிலேயே மண்டி போட்டு, நாற்காலியின் முதல் நட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.