பல்செட் கதையும் ஐம்பது தப்படியும்

அந்த டெப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பாள், ஆகவே துருவல். குக்கர் ஏன் கூவுகிறது என்று பார்ப்பதற்காக ஒரு தடவை அதன் மூடியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டவள். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தார்கள். ஒன்பது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள்.

அதே பஸ்ஸில் கண்டக்டர், அவள் கணவனின் அக்கா. அண்ணி வாயைத் திறந்தால் கதைதான். கதை முடியட்டும் என்று, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மறுபடியும் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. சத்தியமாக உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காய்ந்த ரோடு. முட்டைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஆட்கள் கடக்கும் வெள்ளைக்கோட்டில் குறுக்கே வந்தார். துருவல் பிரேக்கை மிதித்தாள். பஸ் கோட்டைத் தாண்டிப் பத்துத் தப்படி போய்த்தான் நின்றது. மனிதர் சைக்கிளை விட்டுவிட்டுக் குதித்துத் தப்பினார். உடைந்தது நாற்பது முட்டை. மத்தியானத்துக்குள் அது நானூறாகிவிட்டது. சாயங்காலம் கேள்விப்பட்டவர்கள், பஸ்ஸே ஆம்லெட்டில் வழுக்கித்தான் போனதாம் என்றார்கள்.

துருவல் டெப்போவில் எழுதிக் கொடுத்தாள்: பிரேக் பிடிக்கவில்லை. முந்தின நாள்தான், டெப்போவில் ஸ்பேனர் என்று கூப்பிடும் மெக்கானிக் அந்த பிரேக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை. அவள் எழுதியது நிஜமென்றால் ஸ்பேனருக்கு வேலை போச்சு.

ஸ்பேனர் சண்டைக்கு வரவில்லை. "நெஜமாவே புடிக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி துருவலைத் தூங்கவிடவில்லை. மறுநாள் முட்டைக்காரரைத் தேடிப் போனாள்.

"நான் ரோட்டுல எறங்கும்போது உன் பஸ்ஸு தபால் பெட்டிகிட்ட இருந்துச்சும்மா. தூரந்தான், நின்னுடும்னு நெனச்சேன்."

தபால் பெட்டியிலிருந்து வெள்ளைக்கோடு வரைக்கும் நடந்து எண்ணினாள். நாற்பது தப்படி. தாண்டிப் போனது பத்து. ஆக ஐம்பது.

வியாழன் மத்தியானம், டெப்போவின் பின்பக்கம். ஸ்பேனரும் அண்ணியும் கூட வந்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு. அன்றைக்கு இருந்த பாரத்துக்கு ஈடாக பஸ்ஸுக்குள் மணல் மூட்டைகள். அன்றைக்கு வந்த அதே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டில் மிதித்தாள். இருபது தப்படியில் நின்றது. இன்னொரு தடவை. அதே இருபது.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள், குரல் இறங்க. ஆனாலும் புத்தி சும்மா இருக்குமா? இருபதில் ஓட்டிப் பார்த்தாள். ஐந்தே தப்படி!

"பாதி வேகம்னா பாதி தூரந்தானேண்ணே வரணும்?"

"வேகம் ரெட்டிப்பானா தூரம் நாலு மடங்குமா. வண்டி படிச்ச வாய்ப்பாடு வேற."

தரையை நனைத்து நாற்பதில் வந்தாள்; முப்பத்தைந்து. ஆனால் அன்றைக்கு மழையில்லை. டயரைத் தடவினாள், வரிகள் தேயவில்லை. அப்புறம் எப்படி ஐம்பது?

படியில் சாய்ந்திருந்த அண்ணி சொன்னாள்: "நீ கோடு போட்டு வச்சிட்டு அங்க வந்ததும் மிதிக்கிற. முட்டைக்காரர் என்ன, கோடு போட்டுட்டா வந்தாரு?"

துருவல் அவளை வெறித்துப் பார்த்தாள். தரை காய்ந்ததும் ஸ்பேனர் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கல்லை அடையாளமாக வைத்தார். பஸ் அதைத் தொட்டதும் விசில் ஊதினார். கல்லிலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து.

"பிரேக்கு இருபதுலயே நிறுத்திடுதே! மீதிப் பதினஞ்சு எங்க போச்சு?"

"காதுல விழுந்து, மண்டைக்கு ஏறி, காலுக்கு எறங்க வேண்டாமா? அதுவரைக்கும் பஸ்ஸு காத்துக்கிட்டா நிக்கும்?" என்றார் ஸ்பேனர்.

முப்பத்தைந்து என்றால், அன்றைக்கு வெள்ளைக்கோட்டுக்கு ஐந்து தப்படி முன்னாலேயே நின்றிருக்கும். துருவல் அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, செவ்வாக்கெழம முட்டைக்காரர் குறுக்க வந்தப்ப சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அந்தக் கதைய மறுபடியும் சொல்லுங்க."

"எது, சின்ன மாமனார் பல்செட்டு காணாமப் போனதா? இப்பவா?"

"இப்பத்தான்."

ஸ்பேனர் கல்லை இடம் மாற்றி வைத்தார். நாற்பதில் பஸ் ஓடியது. பல்செட்டைத் தண்ணீர்த் தொட்டியில் தேடி, தலையணை உறைக்குள் தேடி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கும்போது பார்த்தால்... விசில்! மிதித்தாள். ஸ்பேனர் கல்லிலிருந்து நடந்து வந்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி வந்தவர், நாற்பதுக்கு மேல் வாய்க்குள் எண்ணினார். முன்சக்கரத்தருகே நின்று தலைகுனிந்தபடி சொன்னார்: "ஐம்பது."



வெள்ளிக்கிழமை மேனேஜர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "பிரேக் பிடிக்கலைன்னு நீதானே எழுதிக் குடுத்த?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன். பிரேக்கு புடிச்சுது. நான்தான் கதை கேட்டுக்கிட்டே லேட்டா மிதிச்சேன்."

"யார் சொன்ன கதை?"

"கேட்டது நான் சார்."

ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, நாற்பது முட்டைக்கும் அவளே பொறுப்பு என்று உத்தரவானது. அந்த மாதம் முழுவதும் ஸ்பேனருக்கு நட்டு எடுத்துக் கொடுத்து, கேள்வி கேட்டே அவர் பிராணனை வாங்கினாள். அவரோ வேலை தப்பியதற்காக அத்தனைக்கும் பதில் சொன்னார்.

திரும்பவும் அவள் ஓட்ட வந்த அன்று, பஸ் ஓடும்போது அண்ணி வாயே திறக்கவில்லை. நிறுத்தத்தில் சக்கரம் அசையாமல் நின்ற பிறகுதான் துருவலின் காதுப் பக்கம் குனிந்து ஒரே ஒரு வரி சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் அடுத்த வரி. பல்செட் கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ளத் துருவலுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு நிறுத்தத்தையும் அவள் தவறவிடவில்லை.