மயக்கத்துக்குள் வந்து சேர்ந்த குரல்

போன வருஷம் ஆடி மாதம். மாமல்லபுரத்தில் வேலை முடித்து, செங்கல்பட்டில் இருக்கும் வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மழை ஈரத்தில் வண்டி சறுக்கி விழுந்தேன். வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. ஒரு ஆட்டோக்காரர்தான் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார்.

கையை இழுத்துப் பொருத்த வேண்டும், அதற்கு ஓர் ஊசி போடுவோம் என்றார் மயக்க மருந்து டாக்டர். சின்ன வயசுப் பெண். இது சாதாரணத் தூக்கம் மாதிரி இருக்காது, விசித்திரமாக ஏதாவது தெரியலாம், பிடித்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொன்னார். நான் கடற்கரையை நினைத்துக்கொண்டேன்.

மேலே இருந்த விளக்கு கலர் கலராக உடைந்து பரவியது. கை கால் எங்கே என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பெயரே மறந்துபோனது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நான் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அப்போது எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. வார்த்தை எதுவும் புரியவில்லை. முதுகில் வெயில் படுகிற மாதிரி இதமாகத்தான் அது என்னை எட்டியது. அது வர வர பயம் கரைந்தது. அதற்குப் பிறகு இருந்த அமைதியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கண் விழித்தபோது அழுதுகொண்டிருந்தேன். நர்ஸ் என் இடது கையைப் பிடித்திருந்தாள். "இங்கதான் கீறேன்க்கா, பயந்துக்காத. கை சரியாயிடுச்சி" என்றாள். அதே குரல்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. எல்லாம் மருந்து செய்த வேலை, மறந்துவிடு என்றார் கணவர். அம்மன் காட்சி கொடுத்திருக்கிறாள் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டுமே என் மனசில் ஒட்டவில்லை.

என்னைக் குடைந்தது வேறொன்று. அதற்கு ஆறு மாதம் முன்புதான் அப்பா தவறியிருந்தார். கடைசி நாட்களில் அவருக்கு நினைவே இல்லை. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று ஒரு உறவினர் சொல்ல, அதோடு அம்மா வாயை மூடிக்கொண்டார். பிறகு அந்த நாட்களைப் பற்றிப் பேசவே மாட்டார்.

கையைக் காட்டப் போனபோது அந்த மயக்க மருந்து டாக்டரையும் பார்த்து இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மருந்து என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லிடுவேன். அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் பாக்கணும். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அவருக்குக் கேட்கலன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது."

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "நீ பதில் பேசுனியா?" என்று கேட்டார்.

"பேச முடியலம்மா. ஆனா அந்த நர்ஸோட குரல் வந்துச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாகி வாங்க, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன்டி. ஆஸ்பத்திரியில போய் கருவாட்டப் பத்திப் பேசியிருக்கேன் பாரு" என்றவர் சிரித்துவிட்டார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று நான் எங்கே போய் வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது; ஆனால் நினைவில்லாமல் படுத்திருப்பவர் யாராக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாமல் இப்போது என்னால் எழுந்து வர முடிவதில்லை.