அக்குறணைக் கிளை

வத்தேகமச் சந்தையில் வண்டி மாடுகளை அவிழ்த்து விட்டிருக்கிறோம். வெயிலுக்கு மறைப்பாகக் கூண்டின் மேல் கட்டி வந்த கோப்பிக் கிளைகளின் இலையைப் புரட்டி ஒரு பெண் உற்றுப் பார்க்கிறாள். அவளுடைய மகளுக்கு எட்டு வயதிருக்கும். மழித்த தலை, இரண்டு உள்ளங்கையிலும் சூட்டுப் புண்.

"இந்தக் கிளைய எங்கங்க ஒடிச்சீங்க?"

"அக்குறணைப் பக்கம்."

"எம் மக அங்கிட்டு காலே வச்சதில்லீங்க."

இவர்கள் தோட்டத்தில் கோப்பி இலை பழுத்துக் கொட்டுகிறதாம். பழம் பறித்த மகளின் விரலில் செம்மஞ்சள் தூள் இருந்ததைப் பார்த்த கோடாங்கி, தோட்டத்துக்குச் சூனியம் வைத்தவள் இவள்தான் என்று குறி சொல்லி, தலையை மழித்து, கையில் சூடும் போட்டிருக்கிறான்.

அந்தக் கோடாங்கி எதிரே வெற்றிலைக் கடையில், உடுக்கையைத் திண்ணையில் வைத்துவிட்டு நிற்கிறான். அந்தத் தாய் கிளையை உருவிக்கொண்டு நேராகப் போகிறாள். நானும் பின்னால் போகிறேன்.

"இது அக்குறணை இலை. தேச்சுப் பாரு."

அவன் மறுக்கிறான். பக்கத்தில் நிற்கும் அவர்கள் தோட்டத்துக் கங்காணி இலையைப் பிடுங்கித் தானே தேய்க்கிறார். அவர் விரல் செம்மஞ்சளாகிறது. கோடாங்கியின் கையைப் பிடித்து அதே இலையில் அழுத்தித் தேய்க்கிறார். அவன் விரலும் அப்படியே.

மகள் கேட்கிறாள்:

"அம்மா, இவருக்கும் சூடு போடுவாங்களா?"

சந்தையே சிரிக்கிறது. கோடாங்கி உடுக்கையைக்கூட எடுக்காமல் ஓடுகிறான். மகள் அதை எடுத்து, உள்ளங்கைப் புண் படாமல் விரல் நுனியால் ஓங்கித் தட்டுகிறாள்.