பேச வேண்டும் என்று செபித்தேன், பேசிவிடுவாரோ என்று பயந்தேன்

என் கணவர் சவரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன நாளில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யிலிருந்துதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டும். நோயிலிருந்து தொடங்கினால் என்னை நீங்கள் நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் பிலோமினா. விழுப்புரத்தில் குடியிருக்கிறோம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். தையல் லைனில் சூப்பர்வைசர். எனக்குக் கீழே நாற்பது பெண்கள். காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஒரு நிமிஷம் பிந்தினால் போய்விடும். நாள் முழுக்க நின்றுகொண்டு, டார்கெட் டார்கெட் என்று கத்திவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு வந்து சேர்வேன். கம்பெனியில் கத்திய குரலோடுதான் வீட்டுக்குள்ளும் நுழைவேன். எங்கள் மகள் பிரின்சி காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "மெதுவா பேசும்மா, பக்கத்துல தானே நிக்கறேன்" என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்தெல்லாம் எரிந்துபோன கிணற்று மோட்டார்களைக் கொண்டுவந்து அவரிடம் போடுவார்கள். கைவேலையில் கெட்டிக்காரர். பேச்சு குறைவு. அவர் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நானே முடித்துவிடுவேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரை எத்தனை தடவை முழுதாகப் பேசவிட்டேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். டிபன் பாக்ஸில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காப்பி டம்ளரோடு சமையல்கட்டுக்கு வந்தார். டம்ளர் அவருடைய வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"காலங்காத்தால வாயில என்னாத்த வச்சிக்கினு பேசறீங்க? சொல்றத ஒழுங்கா சொல்லுங்க. எனக்கு பஸ்ஸு போயிடும்."

அவர் மறுபடியும் முயன்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பின்னால் எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன், ஆனால் பார்த்தேன். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு துணியைத் தரையில் போட்டு, துடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பிரின்சி அன்றைக்குத் தோழி வீட்டிலிருந்து நேராகக் காலேஜுக்குப் போகிறவள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். பாத்ரூம் வாசலில் விழுந்து கிடக்கிறார் என்றார். நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இது எப்போது ஆரம்பித்தது என்பதுதான்.

"காலையில நான் கிளம்பும்போது நல்லாதாங்க இருந்தாரு" என்றேன்.

கட்டிலில் கிடந்த என் கணவர் என்னைப் பார்த்தார்.

உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஒரு ஊசி உண்டாம். ஆரம்பித்ததும் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலனாம். இனி அது முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மணிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதில் மாற்றம் இருந்திருக்காது. ஆறு மணிக்கு நான் நின்று பார்த்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும்.

நல்லாதான் இருந்தாரு என்ற அந்த ஒரு வாக்கியத்தை மகளிடம் சொன்னேன். வளவனூரில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி லூர்து அண்ணியிடம் சொன்னேன். பார்க்க வந்த பங்கு மக்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. அது பொய் என்று தெரிந்த இன்னொருவர் என் கணவர் மட்டும்தான். அவருக்கோ பேச்சு இல்லை.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. நான் காலை மூன்றரைக்கு எழுந்து, சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, பஸ்ஸைப் பிடித்து, வேலை செய்து, திரும்பி வந்து மறுபடியும் அவரைக் கவனித்தேன். பகலில் பக்கத்து வீட்டுக்காரம்மா அவரைப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மண்டியிட்டால் எழுந்திருக்க முடியாது.

தினமும் செபித்தேன். ஆண்டவரே, இவருக்குப் பேச்சைக் கொடும் என்று கேட்டேன். ஆனால் சகோதர சகோதரிகளே, நான் கேட்டதில் பாதி பயம். பேசினால் முதலில் எதைப் பேசுவார்? அவர் "ம்", "ஆ" என்று தொண்டையைக் கனைத்தாலே நான் வேறு பேச்சைத் தொடங்கிவிடுவேன். ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் வேண்டாம் என்று மறைந்து நின்றேன். அப்படிப்பட்ட செபம் எப்படி மேலே போகும்?

ஐப்பசியில் ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப்போனோம். அங்கே இருந்த சின்ன வயசுப் பெண் அரை மணி நேரம் எங்களைக் கவனித்தாள். அவரிடம் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவருக்கு எல்லாம் தெரியுது. வார்த்தையதான் தேடிக்கினு இருக்காரு. நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. கேட்டுட்டு மனசுல பத்து எண்ணுங்க."

வீட்டில் ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள். அவருக்குப் பழக்கமான எதையாவது மெதுவாக, சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அதை அவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். பிரின்சியின் பாடப் புத்தகங்களைத் தவிர எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகம், பூசையில் கேட்டுப் பழகிய விவிலியம். கல்யாணத்துக்கு வந்த பரிசு. அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே துணி சுற்றி வைத்திருந்தோம். அதைப் பிரித்து நான் வாசித்ததே இல்லை.

சாயங்காலம் ஏழரை மணிக்கு, சமையலைத் தொடுமுன், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். நற்செய்தியிலிருந்து தொடங்கினோம். அவர் இடது கை விரலை வரிமேல் வைத்துக்கொண்டு வருவார். நான் நிறுத்துவேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் என் வாயில் வார்த்தை வந்து நிற்கும். முதல் வாரம் முழுவதும் ஐந்து எண்ணுவதற்குள் நானே சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். பத்து எண்ணுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சில நாள் புத்தகம் மடியில் இருக்க நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். சில நாள் வாசிக்கவே இல்லை. மறுநாள் மறுபடி தொடங்கினோம். விசுவாசத்தால் அல்ல, தெரபிக்காரப் பெண் கேட்பாளே என்பதால்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் "ஆண்டவர்" என்று சொன்னார். பிரின்சி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அடுத்து என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், யாக்கோபு கடிதமாக எழுதிய திருமுகத்துக்கு வந்தோம். ஐந்தே அதிகாரம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று எடுத்தேன். கேட்பதில் வேகமும் பேசுவதில் நிதானமும் வேண்டும் என்று முதல் அதிகாரத்திலேயே இருந்தது. மூன்றாம் அதிகாரம் முழுக்க நாக்கைப் பற்றியது. சின்ன நெருப்பு ஒரு காட்டையே எரிப்பதுபோல நாக்கு செய்யும் என்று எழுதியிருந்தது. நாற்பது பெண்களின் முகம் என் கண்முன் வந்தது. மரக்காணம் பக்கத்துக் கடற்கரைப் பெண் ஒருத்தி என்னைக் கண்டாலே ஊசியைத் தவறவிடுவாள். அவளை நினைத்தேன்.

ஐந்தாம் அதிகாரம், பதினாறாம் வசனம். பாவத்தை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் வேண்டுங்கள், அப்போது குணம் பெறுவீர்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறது. என் கண் எனக்கு முன்னால் ஓடி அதைப் பார்த்துவிட்டது. நான் அந்த வசனத்தை விட்டு அடுத்ததை வாசித்தேன்.

அவருடைய விரல் நகரவில்லை.

எழுத்துச் சின்னதாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. என்னைக் குற்றம் சொல்லும் பார்வையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் கம்பெனியில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஆண்டவரே, பேச்சு வேண்டும் என்று கேட்டேனே, முதலில் என் வாயைத் திறந்துவிடும் என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன். பயம் கலக்காமல் நான் கேட்ட முதல் செபம் அதுதான்.

அந்த ஞாயிறு மதியம் லூர்து அண்ணி மீன்குழம்போடு வந்திருந்தார். பிரின்சியும் இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் நான் சொன்னேன். டம்ளர் விழுந்ததையும், பேச்சு குழறியதையும், வாய் கோணியிருந்ததைப் பார்த்ததையும், திட்டியதையும், துணியைப் போட்டுவிட்டுப் போனதையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அண்ணி எழுந்தார்.

"எந் தம்பிய அந்த நெலமையில வுட்டுட்டு எப்படிடி பஸ்ஸு ஏறன?"

அவர் பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார். பிரின்சி துணி துவைக்கிறேன் என்று பின்பக்கம் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் என் கணவர் முன்னால் உட்கார்ந்தேன். "உங்ககிட்ட தனியா சொல்லணுங்க. நான் பாத்தேன். பாத்துட்டுதான் போனேன்" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லப் போனேன், நிறுத்திக்கொண்டேன். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து போனது. இருபது போனது. அவர் இடது கையால் விவிலியத்தை இழுத்து, தட்டுத்தடுமாறிப் பக்கத்தைத் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்தார். உதடுகள் பலமுறை சேர்ந்து பிரிந்தன.

"ப... படி" என்றார்.

நான் விட்டுவைத்த வசனத்தை வாசித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். இந்த முறை காத்திருந்தவர் அவர்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிரின்சி பத்து நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு ஒரு காலையில் அப்பாவைத் தானே குளிப்பாட்டுவதாகவும் என்னை இன்னும் கொஞ்சம் படுத்திருக்கும்படியும் சொன்னாள். அண்ணி நான்கு மாதம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இப்போது வருகிறார். தம்பியிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். என்னிடம் பழையபடி பேச்சு இல்லை. அதற்கும் காத்திருக்கிறேன்.

கம்பெனியில் இப்போது குறை சொல்லப் போகுமுன் பத்து எண்ணுகிறேன். போன மாதம் எண்ண மறந்து, அந்த மரக்காணத்துப் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடிப்போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் பயந்துபோய், "பரவால்லக்கா" என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. வாசிப்பும் அப்படித்தான். விவிலியத்தில் ஒரு பக்கம் வாசிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆகிறது. அவர் இப்போது ஏறக்குறைய அறுபது, எழுபது வார்த்தை சொல்கிறார். முன்பு அவசரமாகக் கேட்ட பூசை வாசகங்கள் எல்லாம் இப்போதுதான் எனக்கு அர்த்தமாகின்றன.

போன மாதம் எங்கள் வீட்டில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் நடந்தது. பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர் முறை வந்ததும் பக்கத்தில் இருந்தவர் அவரைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்தார். என் கணவர் கையைத் தூக்கினார். வார்த்தை என் வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தத்தில் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து காத்திருந்தோம்.

"பிலோமி..." என்றார். பிறகு, "காலு... வலி."

நாள் முழுக்க நின்று நின்று என் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் பார்த்திருக்கிறார். எனக்காக மன்றாட எத்தனை நாளாக அந்த வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாரோ. எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்புள்ளவர்களே, நான் இன்றும் களைத்துப்போனவள்தான். ஆனால் பயத்தில் களைப்பது வேறு, உழைத்துக் களைப்பது வேறு. அவருக்கு வாய் கொடுக்கும்படி கேட்டேன். ஆண்டவர் எனக்குக் காது கொடுத்தார், பிறகு அவருக்கும் வாய் கொடுத்துவருகிறார். உங்களில் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு செபித்துக்கொண்டிருந்தால், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியவரிடமே சொல்லுங்கள். அவர்கள் கோபப்படலாம், கதவைச் சாத்தலாம். அப்போது ஆண்டவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் அவசரப்படுகிறவர் அல்ல.