சப்பரம் தூக்கப் போகும் தோள்

போன சனிக்கிழமை சி ரூசா ஜிம்மில் என் மானம் போனது. கண்ணாடி முன் நின்று தையல் டேப்பால் புஜத்தை அளந்துகொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் மூன்றாவது முறை.

"அங்கிள், டேப்ப வைங்க லா. அளந்துக்கிட்டே இருந்தா வளந்துருமா?"

பயிற்சியாளர் தர்ஷினி. என் மகள் வயது.

எனக்கு வளர்ச்சிக் கவலை இல்லை... தேய்ந்துவிட்டதா என்றுதான் பயம். ஒன்பது மாதம் ஒழுங்காக வெயிட் தூக்கியவன், திருவிழா விரதம் தொடங்கியதும் மூன்று வாரம் மட்டம் போட்டுவிட்டேன்.

"விரதம்னா ஜிம்முக்குப் போகாதேன்னு எந்த சாமி சொல்லுச்சு?"

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அவளே தொடர்ந்தாள். தசைக்குள் பல ரக நார்கள் உண்டாம். அதில் ஒரு ரகம் பட்டென்று வேகம் காட்டி, சட்டென்று சோர்ந்துவிடும். மாதக்கணக்கில் பாரம் தூக்கினால், அது வேகத்தோடு தாக்குப்பிடிக்கும் ரகமாக மாறுமாம். அடியோடு விட்டுவிட்டால்? பழைய புத்தி திரும்பிவிடும்!

"மூணு வாரத்துல எல்லாம் போயிடாது அங்கிள். டேப்புல இது தெரியவும் தெரியாது."

இந்த வயதில் எனக்கு ஏன் இந்தப் பதற்றம்?

போர்டிக்சன் பக்கம் எங்கள் எஸ்டேட் கோயிலில் அம்மன் சப்பரம் தூக்க எண்ணி எட்டுப் பேர்தான். எல்லோரும் டவுனிலிருந்து வருகிறவர்கள். போன வருஷம் செம்பனைக் காட்டு மண்சாலையில், பாதி வழியில் எனக்குக் கால் நடுங்கியது. சொல்ல வெட்கம். மெல்லத் தோளைத் தாழ்த்திக்கொண்டேன். கை மட்டும் கம்பில் — தூக்குவது போல!

என் பாரமும் பின்னால் வந்த மச்சான் மேல் இறங்கியது. சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மனிதர். தோள்பட்டை பிசகி மூன்று மாதம் வீட்டில் கிடந்தார். "சேத்துல கால் வழுக்கிருச்சு மாப்பிள்ள, என் தப்புதான்" என்று இன்றும் சொல்கிறார். நானும் தலையாட்டுகிறேன். ச்சே!

நாளை மறுநாள் திருவிழா. மச்சான் மறுபடியும் எனக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. தோள் தாங்கும் என்று நம்புகிறேன். வாய்தான் ஒரு வருஷமாகத் திறக்க மறுக்கிறது. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவர் ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர் என்பது ஒன்றுதான் எனக்கு இருக்கும் தைரியம்.

மச்சான், அன்றைக்கு வழுக்கியது உங்கள் கால் இல்லை.